லிட்டருக்கு ஆறு பைசா: மாசுக்கு விலை வைத்தால் நொய்யல் பிழைக்குமா?

வாசகர் ஒருவரின் கேள்வி, 2025 அக்டோபர் 3

சுற்றுச்சூழலைக் காக்க வரி, கட்டணம், மானியம் என்று பேசுவதெல்லாம், பணம் உள்ளவன் கெடுத்துக்கொள்ள அனுமதிச் சீட்டு விற்பதில்தானே முடிகிறது? கெடுக்காதே என்று சட்டம் சொல்ல வேண்டும். மீறினால் பூட்ட வேண்டும். இதில் விலைக்கு என்ன வேலை? திருப்பூர்ப் பக்கத்துக்காரர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

2025 அக்டோபர் 3, இரவு

1998 முதல் 2008 வரை திருப்பூரில் ஒரு சாயப்பட்டறையில் கணக்கு எழுதினேன். எங்கள் பூர்விக நிலமோ ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே நொய்யல் கரையில் இருக்கிறது. என் சம்பளம் சாயத் தண்ணீரிலிருந்து வந்தது. ஊரில் எங்கள் கிணற்றைக் கெடுத்ததும் அந்தத் தண்ணீர்தான். ஆகவே இந்தக் கேள்வியை இரண்டு கரையிலிருந்தும் பார்த்தவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

அனுமதிச் சீட்டு என்று நீங்கள் சொல்வது எங்கள் பட்டறையைப் பொறுத்தவரை உண்மை. ஆனால் அந்தச் சீட்டின் விலை என்ன என்று பாருங்கள். தண்ணீர் செஸ் என்ற வரிக்கான சட்டம் 1977-இல் வந்தது. 2003-இல் உயர்த்தப்பட்ட பிறகும், எளிதில் மக்காத நச்சு கலக்கும் தொழில்களுக்கான மிக உயர்ந்த விகிதம் ஆயிரம் லிட்டருக்கு 30 பைசா. நாளொன்றுக்கு ஒரு லட்சம் லிட்டர் கழிவைத் தள்ளும் பட்டறை அந்த உச்ச விகிதத்திலேயே கட்டினாலும் 30 ரூபாய்தான் ஆகும். எங்கள் பட்டறையின் ஒரு நாள் தேநீர்ச் செலவு அதைவிட அதிகமாக இருந்தது. அந்த வரியைக் கணக்கில் தனித் தலைப்பில்கூட நான் எழுதியதில்லை. இதர செலவுகளோடு சேர்த்துவிடுவேன். விலை தோற்றது என்று அதை வைத்துச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை, ஏனென்றால் அதை விலை என்றே நாங்கள் யாரும் உணரவில்லை.

2025 அக்டோபர் 4

ஆறு பைசாவைப் பற்றி எழுதாமல் நேற்று தூங்கப் போய்விட்டேன்.

நொய்யல் பாசனக்காரர்கள் தொடுத்த வழக்கில் 2006 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் ஓர் உத்தரவு போட்டது. சாயப்பட்டறைகள் வெளியேற்றும் ஒவ்வொரு லிட்டர் கழிவுநீருக்கும் 2007 ஜனவரி முதல் ஆறு பைசா கட்ட வேண்டும். சில மாதங்களில் அது எட்டு பைசாவாகவும் பிறகு பத்து பைசாவாகவும் உயரும். அதற்குள் கழிவே வெளியேறாத நிலையை எட்டிவிட வேண்டும். லிட்டருக்கு ஆறு பைசா என்றால் ஆயிரம் லிட்டருக்கு 60 ரூபாய், அதாவது செஸ்ஸின் உச்ச விகிதத்தைப் போல் இருநூறு மடங்கு. ஒரு லட்சம் லிட்டருக்கு ஒரு நாளைக்கு ஆறாயிரம் ரூபாய்.

அந்த வாரம் முதலாளி என்னைக் கூப்பிட்டு, ஒரு கிலோ துணிக்கு எத்தனை லிட்டர் தண்ணீர் போகிறது என்று கேட்டார். அங்கே சேர்ந்து எட்டு ஆண்டுகளுக்குப் பிறகு அந்தக் கேள்வி அப்போதுதான் முதன்முறையாக என் காதில் விழுந்தது. வின்ச் என்ற பழைய சாயமேற்றும் எந்திரம் ஒரு முறை நிரப்புவதற்கு துணியின் எடையைப் போல் இருபது மடங்கு வரை தண்ணீர் குடிக்கும். சாஃப்ட் ஃப்ளோ என்ற புதிய வகை எந்திரத்துக்கு ஏழெட்டு மடங்கே போதும். சாஃப்ட் ஃப்ளோ ஊருக்குப் புதிதல்ல. எங்கள் பட்டறையில் அதற்கு விலை விசாரித்தது மட்டும் அந்த வாரத்தில்தான். விலைக்கு என்ன வேலை என்று கேட்டீர்களே, அந்த வேலையை நான் கண்ணால் பார்த்தேன்.

ஆனால் அது நீடிக்கவில்லை. எந்திரத்துக்கு முன்பணம் கொடுப்பதற்குள், வெளியேற்றும் அளவைக் குறைத்து எழுதுவது அதைவிடச் செலவு குறைந்த வழி என்று தெரிந்துவிட்டது. மீட்டர் பட்டறைக்குள் இருந்தது. மீட்டர் அறையின் சாவி முதலாளியின் மேசை இழுப்பறையில் இருந்தது. எண்ணை எழுதிக் கொடுத்தது நான். சொன்னதை எழுதினேன். பதினெட்டு ஆண்டுகள் கழித்தும் அதை எழுதும்போது எனக்குக் கை கூசுகிறது.

2025 அக்டோபர் 5

ஒரு திருத்தம். முதல் குறிப்பில் செஸ்ஸைக் கழிவுநீர் மீதான வரிபோல எழுதிவிட்டேன். அது தவறு. செஸ் விதிக்கப்பட்டது பயன்படுத்தும் தண்ணீரின் மீது. எந்த வேலைக்குப் பயன்படுகிறது என்பதைப் பொறுத்து விகிதம் மாறும். கழிவில் உப்பு எவ்வளவு, சாயம் எவ்வளவு என்பதை அந்தச் சட்டம் கேட்கவே இல்லை. சுத்திகரிப்பு அமைப்பு வைத்திருந்தால் 25 விழுக்காடு தள்ளுபடி உண்டு. முப்பது ரூபாய்க்கே அது கிடைத்தது என்று வைத்துக்கொண்டாலும் கால் பங்கு ஏழரை ரூபாய்தான். ஒரு நாளைக்கு ஏழரை ரூபாயை மிச்சப்படுத்தவா ஒருவர் சுத்திகரிப்பு எந்திரத்தை மின்சாரம் செலவழித்து ஓட்டுவார்?

பட்டறைகள் தண்ணீரைக் குறைத்ததற்கு உண்மையான காரணம் வேறு. ஊரின் நிலத்தடி நீர் உப்பாகிப்போனதால் சாயத்துக்கு நல்ல தண்ணீரை வெளியூரிலிருந்து லாரியில் வாங்கினார்கள். அதற்குச் செஸ்ஸைப் போல் நூறு மடங்குக்கும் மேல் கொடுத்தார்கள். தாங்கள் கெடுத்த தண்ணீரின் விலையைத் தாங்களே கட்டினார்கள் என்று இதைச் சொல்லலாம். ஆனால் அது பாதிக் கணக்குதான், ஏனென்றால் மீதிப் பாதியைக் கட்டியவர்கள் ஆற்றின் கீழ்ப்பக்கத்தில் இருந்தோம். எங்கள் நிலத்துக்கு மேலே உள்ள ஒரத்துப்பாளையம் அணை 1992-இல் கட்டி முடிக்கப்பட்டது. பாசனத்துக்காகக் கட்டிய அணையில் சாயக் கழிவு தேங்கியதால், அதைத் திறந்துவிடாதீர்கள் என்று பாசனக்காரர்களே கெஞ்சிய கதை வேறெங்கும் நடந்திருக்குமா தெரியவில்லை.

ஒருவர் செய்யும் காரியத்தின் செலவு அவர் கணக்கில் ஏறாமல் அடுத்தவர் கணக்கில் ஏறும்போது, அந்த வித்தியாசத்தை வரியாக வாங்கிவிடலாம் என்று பிகூ என்ற பொருளியலாளர் 1920-இலேயே எழுதிவிட்டார். இந்தியச் சட்டத்தில் கெடுத்தவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கோட்பாடு வலுவாகப் பதிந்தது, பாலாற்றங்கரைத் தோல் ஆலைகள் தொடர்பான வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பில்.

2025 அக்டோபர் 7

நீலகிரியில் மதுப்பாட்டிலைத் திரும்ப வாங்கும் திட்டம் வென்றதே, அதுவும் வெறும் பத்து ரூபாய்தானே என்று இன்று ஒருவர் கேட்டிருக்கிறார். இதைப் பற்றி நான் நிறைய யோசித்திருக்கிறேன்.

காட்டில் வீசப்படும் பாட்டில்கள் உடைந்து யானைகளின் கால்களைக் கிழிக்கின்றன என்ற கவலையில் உயர் நீதிமன்றம் வலியுறுத்தியதால், டாஸ்மாக் நிறுவனம் 2022 மே 15 முதல் நீலகிரியில் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, காலிப் பாட்டிலைக் கொடுத்தால் திருப்பித் தந்தது. விற்ற பாட்டில்களில் தொண்ணூறு விழுக்காட்டுக்கும் மேல் திரும்பி வந்தன. பிறகு மற்ற மாவட்டங்களுக்கும் திட்டம் விரிந்தது. பிளாஸ்டிக் தடை அதே மலையில் 2000-களின் தொடக்கத்திலிருந்தே இருக்கிறது. தடையை நடத்துவதற்கு ஒவ்வொரு சோதனைச் சாவடியிலும் ஆள் நிற்க வேண்டியிருக்கிறது. பத்து ரூபாய்க்கு அப்படி ஆள் தேவைப்படவில்லை. குடித்தவர் வீசினாலும் அடுத்து வருபவர் பொறுக்கி எடுத்துக்கொண்டு கடைக்குப் போகிறார்.

பத்து ரூபாய் பெரிய தொகை என்பதால் இது வெல்லவில்லை. இங்கே பாட்டில்தான் மீட்டர். காலிப் பாட்டிலைக் கொண்டுவந்து மேசையில் வைத்த அந்தக் கணமே அளவு எடுக்கப்பட்டுவிடுகிறது. பொய் சொல்ல வழியில்லை. எங்கள் ஆறு பைசாவில் அளவை எடுத்தவரே பணம் கட்டுபவராகவும் இருந்தார். சிறுவயதில் பெட்டிக்கடையில் கோலி சோடா வாங்கினால், குடித்துவிட்டுப் பாட்டிலைக் கொடுக்கும்வரை கடைக்காரர் நம்மைக் கண்ணால் பிடித்து வைத்திருப்பார். அதுவும் ஒரு வைப்புத்தொகைதான்.

இதில் எனக்கு ஒரே ஒரு கவலை உண்டு. திரும்பி வராத பாட்டிலின் பத்து ரூபாய் விற்றவரிடமே தங்குமானால், பாட்டில் திரும்பாமல் இருப்பது அவருக்கு லாபமாகிவிடும். நார்வேயில் இதை வேறு விதமாகக் கையாள்கிறார்கள். பானப் பொதிகளின் மீது ஒரு சுற்றுச்சூழல் வரி உண்டு. திரும்பி வரும் விகிதம் கூடக் கூட அந்த வரி குறைந்துகொண்டே வந்து, 95 விழுக்காட்டில் முற்றிலும் இல்லாமல் போய்விடும். அங்கே பாட்டிலை வரவழைப்பது தயாரிப்பாளரின் சொந்த அக்கறை ஆகிவிடுகிறது.

2025 அக்டோபர் 8

சாயக் கழிவுக்கும் பாட்டிலுக்கும் எப்படி முடிச்சுப் போட முடியும், கழிவைப் பையில் கட்டிக் கடைக்குக் கொண்டுபோக முடியுமா என்று கேட்டவருக்கு: முடியாது. அதனால்தான் மீட்டரைப் படிப்பவர் யார் என்பதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

குஜராத்தில் நடந்த ஓர் ஆய்வு என்னை மிகவும் பாதித்தது. அங்கே ஆலைகளின் மாசைத் தணிக்கை செய்பவர்களை ஆலைகளே தேர்ந்தெடுத்து ஆலைகளே சம்பளம் கொடுத்துவந்தன. அறிக்கைகள் எல்லாம் வரம்புக்குச் சற்றே கீழே வந்து நின்றன. பிற்பாடு நோபல் பரிசு பெற்ற எஸ்தர் டுஃப்லோ உள்ளிட்ட பொருளியலாளர்கள், மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துடன் சேர்ந்து ஒரு பகுதி ஆலைகளுக்கு மட்டும் முறையை மாற்றினார்கள். எந்த ஆலைக்கு எந்தத் தணிக்கையாளர் என்பது குலுக்கலில் முடிவாகும். சம்பளம் பொது நிதியிலிருந்து வரும். அவர் எடுத்த அளவை இன்னொருவர் திடீரென்று போய்ச் சரிபார்ப்பார். அறிக்கைகள் உண்மைக்கு நெருங்கின, ஆலைகளும் மாசைக் குறைத்தன. விலை எதுவும் மாறவில்லை, அபராதம் எதுவும் ஏறவில்லை. மாறியது, கணக்கு எழுதுபவரை யார் தேர்ந்தெடுக்கிறார், யார் சம்பளம் கொடுக்கிறார், யார் சரிபார்க்கிறார் என்பது மட்டுமே. அதைப் படித்த இரவு என் பழைய மேசை நினைவுக்கு வந்தது.

அதே மாநிலத்தில் 2019-இல் சூரத் ஆலைகளின் புகைத்தூசிக்கு ஒரு சந்தை தொடங்கினார்கள். மொத்தம் இவ்வளவு தூசிதான் வெளியேறலாம் என்று வரம்பு வைத்து, அந்த அளவை உரிமங்களாகப் பிரித்து, குறைத்தவர் குறைக்காதவருக்கு விற்கலாம் என்றார்கள். புகைபோக்கியில் இடைவிடாமல் அளக்கும் கருவியைப் பொருத்திய பிறகுதான் சந்தை திறந்தது. பங்கேற்ற ஆலைகளில் தூசி 20 முதல் 30 விழுக்காடு குறைந்தது. கேள்வி கேட்ட நண்பரே, நீங்கள் சொன்ன அனுமதிச் சீட்டு இதுவேதான். ஆனால் சீட்டுகளின் எண்ணிக்கைக்கு மேல்வரம்பு இருக்கிறது.

2025 அக்டோபர் 11

இன்று வந்த பதில் கடுமையானது; கொடுத்தவரின் நியாயம் எனக்குப் புரிகிறது. விவசாயிகளுக்கு இலவச மின்சாரம் கிடைக்கிறது. அதை வைத்து நிலத்தடி நீரை உறிஞ்சியவர்கள் சாயப்பட்டறையைக் குற்றம் சொல்லலாமா என்று கேட்கிறார்.

ஏற்கிறேன். தமிழகத்தில் எல்லா விவசாய மோட்டார்களுக்கும் 1990-களின் தொடக்கம் முதல் மின்சாரம் இலவசம். எங்கள் தோட்டத்திலும் மின்சாரம் வரும் நேரமெல்லாம் மோட்டார் ஓடும். தேவைக்காக அல்ல, எப்போது நிற்குமோ என்ற பயத்தில். கிணறு வற்றியதும் ஆழ்துளைப் போர் போட்டோம், அது வற்றியதும் இன்னும் ஆழமாகப் போட்டோம். வரியும் மானியமும் ஒரே கோலின் இரண்டு முனைகள் என்பதை நாங்கள் எண்ணிப் பார்த்ததில்லை. ஆற்று நீர் கெட்டதால்தான் ஆழ்துளைக் கிணற்றுக்குப் போனோம் என்பது உண்மை என்றாலும், முழு உண்மை அல்ல. ஆறு கெடாத ஊர்களிலும் அதே ஆழத்துக்குத்தான் போயிருக்கிறார்கள்.

பஞ்சாபில் 2018-இல் ஒரு வழி தேடினார்கள். மின்சாரம் இலவசமாகவே தொடரும். ஆனால் ஒவ்வோர் இணைப்புக்கும் ஓர் அளவு வைத்து, அதற்குள் விவசாயி மிச்சப்படுத்தும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் நான்கு ரூபாய் அவர் வங்கிக் கணக்கில் சேரும். பறிக்காமல் கொடுத்துத் திருத்தும் முறை இது. இங்கே அப்படி ஒன்று வந்தால் முதலில் எதிர்ப்பு மீட்டருக்குத்தான் கிளம்பும், ஏனென்றால் இன்று மீட்டர் வைத்தால் நாளை பில் வரும் என்று எங்கள் ஊரில் எல்லோரும் நம்புகிறார்கள். பட்டறை முதலாளியும் மீட்டரைக் கண்டு அஞ்சினார், நாங்களும் அஞ்சுகிறோம். இதை இந்த வயதில்தான் ஒப்புக்கொள்கிறேன்.

2025 அக்டோபர் 12

அளப்பது மட்டும் போதும் என்பதுபோல் முந்தைய குறிப்புகள் தொனிக்கின்றன. போதாது. நிலக்கரி வரியைப் பாருங்கள். சுரங்கத்திலிருந்து வெளியேறும் ஒவ்வொரு டன்னும் எடை போடப்படுகிறது. அளவில் சிக்கலே இல்லை. 2010-இல் டன்னுக்கு 50 ரூபாயில் தொடங்கி 2016-இல் 400 ரூபாய் வரை உயர்ந்தது. தூய எரிசக்திக்கு என்று சொல்லி வாங்கிய வரி அது. 2017-18 வரை வசூலானது ஏறத்தாழ 86,440 கோடி. அதற்கென அமைத்த நிதியத்துக்கு மாற்றப்பட்டது சுமார் 29,645 கோடி. திட்டங்களுக்குச் செலவானது சுமார் 15,911 கோடி. 2017-இல் ஜி.எஸ்.டி. வந்ததும் அது மாநிலங்களுக்கு இழப்பீடு கொடுக்கும் கூடுதல் வரியாக மாறியது. கடந்த மாதம், செப்டம்பர் 22 முதல், அந்த 400 ரூபாய் நீக்கப்பட்டு நிலக்கரி மீதான ஜி.எஸ்.டி. 5-லிருந்து 18 விழுக்காடாக உயர்த்தப்பட்டது. டன் கணக்கில் இருந்த வரி இப்போது விலைக் கணக்குக்கு மாறிவிட்டது. விலை குறைந்த மட்டமான நிலக்கரிக்கு வரியும் குறைவு.

பணம் எங்கே போனால் என்ன, விலை ஏறினாலே பயன்பாடு குறையுமே என்று பொருளியல் படித்த ஒருவர் வாதாடலாம். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தேன். 2007-இல் ஊருக்குப் போனபோது, லிட்டருக்கு ஆறு பைசா வாங்குகிறார்கள் என்று அப்பாவிடம் பெருமையாகச் சொன்னேன். அவர் வாய்க்காலைப் பார்த்துக்கொண்டே, "அந்த ஆறு பைசா யாருக்குப் போகுது கண்ணு?" என்று கேட்டார். அன்று என்னிடம் பதில் இல்லை. தங்கள் பெயரில் வாங்கும் பணம் தங்களுக்கு வருமா என்று தெரியாத மக்கள் அந்த வரியைக் காக்க வீதிக்கு வர மாட்டார்கள். காக்க ஆளில்லாத வரியை எந்த அரசும் ஒரு கையெழுத்தில் நீக்கிவிடலாம்.

2025 அக்டோபர் 12, சிறிது நேரம் கழித்து

தண்ணீர் செஸ்ஸுக்கும் அதுதான் நடந்தது. 2017-இல் ஜி.எஸ்.டி.க்காக நீக்கிய வரிகளோடு சேர்த்து அதையும் நீக்கினார்கள். ஒருவரும் வருந்தவில்லை.

2025 அக்டோபர் 15

பூட்ட வேண்டும் என்ற உங்கள் வாதத்துக்கு இப்போது வருகிறேன், ஏனென்றால் பூட்டினார்கள்.

உச்ச நீதிமன்றம் 2009 அக்டோபரில் பட்டறைகளுக்கு மூன்று மாதம் கொடுத்தது. அதற்குப் பிறகும் கழிவு நிற்கவில்லை. 2011 ஜனவரி 28 அன்று உயர் நீதிமன்றம் எல்லாச் சாயப்பட்டறைகளையும் மூடச் சொன்னது. எழுநூற்றுக்கும் மேற்பட்ட பட்டறைகள் நின்றன. நான் அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பே வேலையை விட்டிருந்தேன். என்னோடு வேலை பார்த்தவர்கள் பலர் ஊரைக் காலி செய்துகொண்டு போனார்கள். துணிக்குச் சாயம் போடாமல் பனியன் கம்பெனிகளால் இருக்க முடியாது. ஆகவே சாயம் அண்டை மாவட்டங்களின் ஆற்றோரங்களுக்கும், பதிவில்லாத கொட்டகைகளுக்கும் போனது. ஓரிடத்தில் மட்டும் பூட்டினால் கழிவு இடம் மாறும் என்பதை நாங்கள் கண்டோம்.

இருந்தாலும் உங்கள் பக்கம் ஒரு பெரிய நியாயம் இருக்கிறது. ஆறு பைசாவால் முடியாததைப் பூட்டு செய்தது. அதன் பிறகுதான் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் கழிவே வெளியேறாத முறைக்கு உண்மையாகவே மாறின. இரண்டாம் குறிப்பில் விலையை நான் உயர்த்திப் பேசியதைக் கொஞ்சம் தணித்துக்கொள்கிறேன். ஆனால் பட்டறைகள் மீண்டும் திறப்பதற்கு உதவியது மாநில அரசு அந்த நிலையங்களுக்குக் கொடுத்த 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன். தொடர்ந்து ஓட உதவுவது, கழிவிலிருந்து மீட்கும் தண்ணீரையும் உப்புக் கரைசலையும் மறுபடி சாயத்துக்கே பயன்படுத்துவதால் கிடைக்கும் மிச்சம். ஆக, பூட்டுக்குப் பின்னாலும் ஒரு கணக்கு வேலை செய்கிறது. மீட்க முடியாத கலப்பு உப்பு மட்டும் நிலையங்களின் கொட்டகைகளில் மூட்டை மூட்டையாகச் சேர்ந்துகொண்டிருக்கிறது. அதற்கு இன்னும் ஒருவரும் விலை வைக்கவில்லை.

2025 அக்டோபர் 19

அப்படியானால் நீங்கள் என்னதான் செய்வீர்கள் என்று முதலில் கேட்டவரே கேட்டிருக்கிறார். ஸ்வீடனைப் பார்த்து எனக்குத் தோன்றியதைச் சொல்கிறேன்.

அங்கே 1992 முதல் பெரிய கொதிகலன்கள் வெளியிடும் நைட்ரஜன் ஆக்ஸைடுக்குக் கிலோவுக்கு 40 குரோனர் வாங்கினார்கள். வசூலான தொகையில் நிர்வாகச் செலவு போக, எல்லாவற்றையும் அதே ஆலைகளுக்குத் திருப்பிக் கொடுத்தார்கள். ஆனால் கட்டிய விகிதத்தில் அல்ல, ஒவ்வோர் ஆலையும் உற்பத்தி செய்த ஆற்றலின் விகிதத்தில். குறைந்த புகையில் அதிக ஆற்றல் எடுத்தவர் கட்டியதைவிட அதிகம் பெற்றார், அதிகப் புகை விட்டவர் இழந்தார். இடைவிடாமல் அளக்கத் தொடங்கியதும், எந்தச் செலவும் இல்லாமல் எரிப்பைச் சீர்செய்தே புகையைக் குறைக்கலாம் என்று பல ஆலைகள் கண்டுகொண்டன.

சாயத்துக்கும் அப்படிச் செய்யலாம் என்பது என் எண்ணம். எடுக்கும் தண்ணீருக்கு லிட்டர் கணக்கில் வாங்கி, சாயமேற்றிய துணிக்குக் கிலோ கணக்கில் திருப்பிக் கொடுக்க வேண்டும். மொத்தத்தில் தொழில் ஒரு பைசா இழக்காது. தண்ணீரை வீணாக்குபவர் மட்டும் சிக்கனமானவருக்குப் பணம் கொடுத்துக்கொண்டிருப்பார். திருப்பூரிலிருந்து பக்கத்து மாவட்டத்துக்கு ஓடுவதற்கான காரணமும் குறையும், விதி எல்லா மாவட்டங்களுக்கும் ஒன்றாக இருந்தால்.

கிலோவை அதிகமாக எழுதி ஏமாற்ற மாட்டார்களா? அதில்தான் எனக்குத் தைரியம். எங்கள் மேசையில் இரண்டு நோட்டுகள் இருந்தன. லிட்டர் நோட்டில் சொன்னதை எழுதினேன். கிலோ நோட்டில் ஒரு நாளும் பொய் எழுதியதில்லை, ஏனென்றால் பனியன் கம்பெனிக்குக் கூலி பில் போடுவது கிலோவுக்குத்தான். கூட்டி எழுதினால் அவர்கள் கொடுக்க மாட்டார்கள், குறைத்து எழுதினால் எங்களுக்கு நட்டம். இன்று அந்த பில்லோடு ஜி.எஸ்.டி.யும் சேர்ந்திருப்பதால் கூட்டி எழுதுவது இன்னும் கடினம். லிட்டர் நோட்டை மட்டும் பட்டறையிலிருந்து எடுத்துவிட வேண்டும். மீட்டர் வாசலுக்கு வெளியே, தெருவில் போகிறவர் படிக்கும்படி இருக்கட்டும். மாதம் ஒருமுறை சரிபார்க்க வருபவரை ஆற்றின் கீழ்ப்பக்கத்துப் பாசனக்காரர்கள் அமர்த்தட்டும். அவர் சம்பளம் அந்த வசூலிலிருந்து போகட்டும். எங்கள் ஊரிலிருந்து அதற்குப் போகத் தயாராக இருப்பவர்கள் இரண்டு பேரை எனக்கே தெரியும். அதில் ஒருவருடைய தென்னந்தோப்பு உப்பில் போனது. அதற்குப் பிறகு அவர் பத்து ஆண்டுகள் திருப்பூரில் சாஃப்ட் ஃப்ளோ எந்திரம் ஓட்டினார்.